கட்டெறும்புக்குப் போட்ட காவல்

எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் சோறு இறங்காது. யார் கை வைத்தது, எப்போது வைத்தது, ஏன் வைத்தது என்று தெரிந்தே ஆக வேண்டும். இதை என் மனைவி கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "போலீசுக்குப் போவ வேண்டிய மனுஷன், வழி தவறி மைன்ஸுக்கு வந்துட்டாரு" என்று தன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் காடாம்புலியூர்க்காரி. முந்திரித் தோப்பில் விளையாடி வளர்ந்தவள். நான் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே பிறந்து, அப்பா வேலை பார்த்த சுரங்கத்திலேயே பெர்மனன்ட் ஆகி, பிளாக் விட்டு பிளாக் குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே ஐம்பத்தைந்து வயதைத் தொட்டவன்.

என் வேலையும் இதற்கு ஒரு காரணம். இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் மண்ணை வெட்டி எடுக்க எடுக்க அது கீழிருந்து முட்டும். சுரங்கத்தைச் சுற்றி ஆழமாகக் கிணறு போட்டு, மூன்று ஷிப்டும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கம் குளமாகிவிடும். அந்தப் பம்புகளோடுதான் இத்தனை வருஷமும் குப்பை கொட்டினேன். மண்ணில் ஈரம் கண்டாலே எனக்கு ஆகாது. காய்ந்த மண்தான் நல்ல மண். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, உடம்பில் தானாக ஏறிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படிக்கிறாள். போன வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது, முதல் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், தெருவிளக்கடியில் சிறகு உதிர்ந்து நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய கட்டெறும்பைப் பிடித்து வந்தாள். ராணியாம். "கடிச்சா வீங்கிப்பூடும், வெளிய போடுடி" என்று அவள் அம்மா கத்தியதை அவள் காதில் வாங்கவே இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு முனையில் ஈரப் பஞ்சு வைத்து, பீரோவுக்குள் இருட்டில் வைத்தாள். லீவு முடிந்ததும் ஹாஸ்டலுக்கே ஒளித்து எடுத்துப் போனாள்.

அந்த ஒற்றை ராணி ஒன்றும் தின்னாமல் முட்டையிட்டு, முட்டையை நக்கி நக்கிக் காப்பாற்றி, ஒரு வருஷத்தில் பெருங்கூட்டமாகிவிட்டது. குழாயிலிருந்து உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றியிருக்கிறாள். முதல் முட்டையிலிருந்து ஒருநாள் விடாமல் நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த அவளுடைய புரொபசர், கடைசி வருஷப் பிராஜக்ட்டாக இதையே செய் என்று சொல்லிவிட்டார். அதற்குள் வார்டன் கண்ணில் பெட்டி பட்டுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் காலேஜ் லேபில் இடம் கிடைக்கும், அதுவரை இங்கே இருக்கட்டும் என்று மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஜூனில் பஸ் ஏற்றிவிடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, வேலைக்கார எறும்பு பத்து செத்தாலும் பரவால்ல. ராணி செத்துட்டா கூட்டமே முடிஞ்சுது. என்னோட ஒரு வருஷமும் முடிஞ்சுது. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். பஞ்சு மட்டும் காயவே கூடாது, சரியா? அம்மாவ கிட்டவே விடாதீங்க, எறும்புச் சாக்பீஸப் போட்டுத் தேய்ச்சிருவாங்க." கடைசியில் சொன்னதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவளுக்கு ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மண்டையில் நின்றுவிட்டது பாருங்கள்.

அவளுடைய பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. நெருக்கடி. ஓரத்தில் ஈரப் பஞ்சு, சுவரெல்லாம் நீர் பூத்துக் கிடந்தது. இதென்ன, சேற்றில் குடும்பம் நடத்துவதா? இரண்டு கண்ணாடியை ஓரடி உயர மரச்சட்டத்தில் நிறுத்தி, இடையில் விரல்கடை அளவு இடம் விட்டு, நானே ஒரு வீடு கட்டினேன். கொல்லையிலிருந்து செம்மண்ணைச் சலித்து, மணல் கலந்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்துக் கொட்டினேன். அடியில் ஜல்லி. ஜல்லிக்கும் கீழே, எறும்பு வெளியேறாதபடி வலை ஒட்டிய மூன்று வடிகால் துளை. ஒரு சொட்டு நின்றாலும் இறங்கிப் போய்விடும். கூட்டத்தை அதில் இறக்கிவிட்டு, மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். "செம்மப்பா! இன்ஜினியர் தோத்தாரு போங்க!" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"புள்ள பஞ்சு வெக்கணும்னு சொல்லிட்டுப் போனாளே, அது எங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"மண்ணப் பத்தியும் தண்ணியப் பத்தியும் எனக்கு நீ சொல்லித் தரப் போறியா?" என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால்தான் உட்காருவேன். கட்டெறும்புகளை எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. வேறொன்றுமில்லை, அவையும் என்னைப் போலச் சந்தேகப் பிராணிகள். அவை குடைந்த வழியில் இரண்டு எறும்பு எதிரெதிரே வந்தால் சும்மா போகாது. நின்று மீசையால் தலை, முதுகு எல்லாம் தடவி, நம்ம ஆள்தானா என்று பார்த்த பிறகுதான் வழி விடும். மைன்ஸ் கேட்டில் செக்யூரிட்டிகூட இவ்வளவு சோதிக்க மாட்டான். வெல்லம் கரைத்து வைத்தால் ஒன்று வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு, உள்ளே போய் இன்னொன்றின் வாயில் ஒரு துளி ஊட்டும். ஒரு பலாச்சுளைத் துணுக்கு வைத்தால் அதன் மேல் ஏறி நாள் முழுக்க நிற்கும். ராணி மட்டும் ஓர் அறையில் பெரிய வயிற்றோடு அசையாமல் கிடக்கும். சுற்றிலும் ஒரு கும்பல் அதை நக்கிக்கொண்டே இருக்கும்.

தோண்டியதையும் சொல்ல வேண்டும். என்ன வேகம்! ஒரு வாரத்தில் மண்ணை நேர் கீழாகக் குடைந்துவிட்டன. பக்கவாட்டில் அறை போடுவதைவிடக் கீழே போவதில்தான் அவற்றுக்குக் குறி. "பாத்தியா, நம்ம வூட்டு எறும்புக்கும் மைன்ஸ் புத்தி" என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜூலை பிறந்ததும் சாவு ஆரம்பித்தது.

செத்ததை எறும்புகளே தூக்கி வந்து மேல் மூலையில் குவிக்கும். முதலில் இரண்டு மூன்று கிடந்தன. வயசாகிப் போயிருக்கும் என்று விட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் குவியல் கூடியது. நன்றாக இருந்த கூட்டம் எப்படித் திடீரென்று சாகும்? யாரோ ஏதோ பண்ணுகிறார்கள்.

முதலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மேல் போனது என் கண். அவர் எலக்ட்ரிகல் செக்‌ஷன். பூச்சி என்றால் ஆகாது, எந்நேரமும் கையில் ஸ்பிரே வைத்துக்கொண்டு திரிவார். நடுச்சுவர் ஒன்றுதான், ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒருநாள் காலை அவர் ஜன்னலோரம் அடித்துக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"சார், உங்க மருந்தெல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான் வருது. எங்க எறும்பெல்லாம் சாகுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், எறும்பு சாகத்தானே சார் மருந்தே அடிக்கிறது?"

"அது வளர்க்கிற எறும்பு சார்!"

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கே எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பேப்பர் ஒட்டி அடைத்தேன். காற்று வராமல் வீடு வெந்தது. குவியல் குறையவில்லை. அப்படியானால் ஆள் வெளியே இல்லை என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் எனக்கு மதிய ஷிப்டு. காலையில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல் மூடிக்கு அடியில் கட்டை விரல் நுனியளவு பஞ்சு ஒன்று செருகியிருந்தது. நான் வைக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். ஈரம். எறும்புகள் அதைச் சுற்றி மொய்த்துக் கிடந்தன. எடுத்தும் விடாமல் என் விரலைப் பிடித்துத் தொங்கின. முகர்ந்து பார்த்தேன். லேசாக ஒரு மருந்து வாசம் அடித்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் என் மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, மூடிக்கும் சட்டத்துக்கும் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். மறுநாள் காலை பார்த்தால் கோடு விலகியிருந்தது, உள்ளே புதுப் பஞ்சு. அதையும் எடுத்துப் போட்டேன். இப்படியே நான்கு நாள். நான் எடுப்பதும், அவள் வைப்பதும், இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து இட்லி தின்பதும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு, கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். சாவைப் பற்றி முதன்முதலாக அவளிடம் சொன்னேன். அழ ஆரம்பித்துவிட்டாள். என் மேல் பழி வந்துவிடுமோ என்ற அவசரத்தில் வாயை விட்டேன். "உங்கம்மாதான் எனக்குத் தெரியாம பஞ்சுல எதையோ நனைச்சு வெக்கிறா. மருந்து வாசம் அடிக்குது. நான் கவனிச்சுட்டேன், நீ கவலப்படாத."

எதிர்ப்பக்கம் அழுகை நின்றது. "அம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றாள்.

புதன்கிழமை ஷிப்டுக்குக் கிளம்புவது போல் ஸ்கூட்டரை எடுத்துப் போய், தெருமுனையில் நிறுத்திவிட்டு, கொல்லை வழியாக நடந்து வந்தேன். என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்தேன். அவள் ஒரு கையில் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நனைந்த பஞ்சோடு நின்றாள்.

"என்னடி வெக்கிற?"

திடுக்கிட்டவள் மூடியைக் கீழே போட்டுவிட்டாள். "தண்ணிங்க. வெறும் தண்ணி."

"மருந்து வாசம் அடிக்குது."

"பஞ்சு உருண்டைய தைலம் டப்பாவுலதான் போட்டு வெச்சிருக்கறன். அதான் வாசம். நாக்கு வறண்டு சாவுதுங்க அதுங்க. பஞ்ச வெச்ச ஒடனே எப்பிடி ஓடி வருதுங்கன்னு நீங்களே பாருங்களேன்."

"ஏன் திருட்டுத்தனமா வெக்கிற? தப்பில்லாதவ நேரா வெக்க வேண்டியதுதானே?"

"நேரா சொன்னப்ப என்னா சொன்னீங்க? நீங்க ஷிப்டுக்குப் போற வரைக்கும் காத்துகினு கெடக்கறன், எறும்புக்குத் தண்ணி வெக்கறதுக்கு! இதெல்லாம் எனக்குத் தலையெழுத்தா?"

அவள் குரல் உடைந்தது. எனக்கு மனம் இளகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இளகவில்லை. ஈரத்தால்தான் சாகிறது, இவள் ஊற்றி ஊற்றித்தான் கெடுத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது.

எங்கள் மைன்ஸில் ஒரு முறை உண்டு. பம்பில் ஆள் இறங்கி வேலை பார்க்கும்போது அதன் ஸ்விட்சில் சிவப்பு டேக் ஒன்றைக் கட்டிக் கையெழுத்துப் போடுவோம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் வேறு கை படக் கூடாது. பட்டால் உள்ளே இருப்பவன் செத்தான். இது சுரங்கத்து ஆட்களின் குடும்பத்துக்கெல்லாம் தெரியும். பிள்ளைகள்கூட விளையாட்டில் டேக் கட்டினால் தொட மாட்டார்கள். நான் பையில் கிடந்த ஒரு சிவப்பு டேக்கை எடுத்து, பெட்டியின் மூடியில் கட்டி, கையெழுத்துப் போட்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டேக்கா கட்டுறீங்க எனக்கு?" என்று மட்டும் கேட்டாள். கையிலிருந்த பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. முப்பது வருஷம் சுரங்கத்துக்காரனோடு குடித்தனம் பண்ணியவள். டேக் கட்டினால் கட்டியதுதான்.

இனி ஈரமே ஆகாது என்று வெல்லத்தைக்கூடக் கரைக்காமல் கட்டியாகத்தான் வைத்தேன். நான் எதிர்பார்த்தபடி சாவு நிற்கவில்லை. பத்தே நாளில் கண்ணாடியில் நடமாட்டம் அடங்கியது. ராணியின் அறை காலி. கீழே எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு மூன்று நாள் லீவு. நாளைக்கு வருகிறாள் என்ற நிலையில் இனிப் பொறுக்க முடியாது என்று மண்ணைப் பிரித்தேன்.

மண் மாவாக உதிர்ந்தது. மேலே ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. எல்லாச் சுரங்கமும் நேர் கீழே ஜல்லிக்குத்தான் போயின. ஜல்லியை விலக்கினேன். என் மூன்று வடிகால் துளைகளைச் சுற்றி அத்தனையும் செத்துக் கிடந்தன. தலையெல்லாம் துளைக்குள். ராணியும் அங்கேதான் கிடந்தது, வயிறு சுருங்கிப் போய். அதைச் சுற்றிலும் வேலைக்காரிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

வேறு யாருக்கும் இது விளங்கியிருக்காது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் கிணறு போட்டவன் நான். அவை தண்ணீர் தேடிக் கிணறு தோண்டியிருக்கின்றன. நான் அதைப் பார்த்துப் பெருமையடித்துக்கொண்டு, மேலேயிருந்து வந்த ஒரே தண்ணீரையும் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அத்தனையும் என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

அடுப்படிக்குப் போய், "நீ வெச்சது தண்ணிதான்" என்றேன்.

அவள் மகளுக்காக முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "அன்னிக்கே சொன்னன்."

"ராணி செத்துப்போச்சு."

இப்போது திரும்பினாள். அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, புள்ளைக்கு என்னா பதில் சொல்லுவம்?" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வாரமா அவ எங்கிட்ட பேசல. நான் போன் போட்டாலும் எடுக்கறதில்ல. என்னைப் பத்தி என்னா சொன்னீங்களோ, எனக்குத் தெரியாது. சொன்ன வாயாலயே உண்மையும் சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

மறுநாள் காலை மகள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. பிரித்துப் போட்ட மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். ராணியைப் பஞ்சு மேல் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அம்மா கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். மகள் தோளை உதறினாள்.

"நான்தாம்மா பண்ணேன்" என்றேன். "வடிகால் வெச்சுக் காயப் போட்டது நான். அம்மா வெச்ச பஞ்சையும் எடுத்துப் போட்டது நான். அதுல தண்ணிதான் இருந்துச்சு."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிவு இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"மருந்து வாசம் அடிச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது தைலம் வாசம்மா. பஞ்சு டப்பாவுல..."

"அப்பா, போதும். மண்ணும் தண்ணியும் உங்களுக்கா தெரியாது? மைன்ஸுக்கே தண்ணி பாக்குற ஆளு, ஒரு பெட்டியக் காய விடுவீங்களா? அம்மாவுக்காக நீங்க பழிய ஏத்துக்காதீங்க."

நான் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். டேக்கைக் காட்டினேன். "அம்மா தொடக் கூடாதுன்னுதானே கட்டியிருக்கீங்க?" என்றாள். நான் சொல்லச் சொல்ல, நான் எவ்வளவு நல்ல புருஷன் என்றுதான் அவளுக்குத் தோன்றியதே தவிர, ஒரு வார்த்தை ஏறவில்லை. என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் லீவுக்கு வந்தவள் மறுநாளே கிளம்பினாள். புரொபசரிடம் வேறு தலைப்புக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். முறுக்கு டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஏறப் போகும்போது மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவத் திட்டாதீங்கப்பா. எறும்புன்னா அவங்களுக்கு முன்னாடியே ஆகாது, தெரியாமப் பண்ணிட்டாங்க. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் நடுவீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இனி அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். "உன்ன மன்னிச்சுட்டாளாம்" என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை முடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"சரி. நானும் அவள மன்னிச்சுட்டன்னு சொல்லிடுங்க" என்றாள். "அவள மட்டுந்தான்."